கலப்பினச் செடியும் கல்யாணப் பட்டும்

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணியில் வாழும் நாம், பட்டின் தொடக்கம் தறியன்று, இலையே என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். மல்பெரி எனப்படும் முசுக்கட்டைச் செடியின் இலையைத் தின்றே பட்டுப்புழு நூலை ஈனுகிறது. தமிழக உழவர் பெரிதும் பயிரிடும் வி-1 ஒரு கலப்பினச் செடி. மைசூரிலுள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் எஸ்-30, பெர் சி-776 என்னும் இரு வகைகளை இணைத்து உருவாக்கி, 1997-இல் அதை வெளியிட்டது. வீட்டுத் தோட்டத்திலும் வளர்க்கலாம். மூன்று நான்கு பருக்கள் கொண்ட முற்றிய குச்சியை நட்டு நீர் வார்த்தால் துளிர்த்துவிடும். விதையிட்டால் தாய்ச்செடியின் பண்புகள் அப்படியே வாரா; ஆகவே குச்சியே நடப்படுகிறது.

செடி மட்டுமன்று, புழுவும் கலப்பினமே. வெப்பம் தாங்கும் மைசூர் இனத்தோடு, நீண்ட நூல் தரும் ஆனால் நோய்க்கு எளிதில் ஆட்படும் வெண்பட்டு இனத்தை இணைத்துப் பெற்ற புழுக்களே நம் நாட்டுப் பட்டில் பெரும்பங்கைத் தந்துள்ளன.

வயலில் 'கலப்பினம்' என்றால் மகிழ்கிறோம். வீட்டில் 'கலப்புமணம்' என்றால் குரலைத் தாழ்த்துகிறோம். இரண்டிலும் சொல் ஒன்றே. கலப்பில் விளைந்த பட்டைக் கையில் ஏந்திக்கொண்டே, "என்ன சாதி?" என்று வினவுகிறோம். கலந்தால் குலம் கெடும், அதுவே இயற்கையின் விதி என்பாரும் உளர். இயற்கையைச் சான்றுக்கு அழைத்தால், அது அவர்கள் பக்கம் நின்று பேசாது.

ஆயினும் தாய் இனங்களைத் தனித்தனியே பேணினால்தானே கலப்பினப் புழு கிடைக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். உண்மையே. ஆனால் புழுவைத் தன் பயனுக்காக மனிதன் பிரிக்கிறான், இணைக்கிறான். மனிதரோ எவருடைய பயனுக்காகவும் வளர்க்கப்படும் இனங்கள் அல்லர். சாதி என்பது உயிரியல் வகுத்த பிரிவும் அன்று. ஆகவே மனிதர் மனிதரை மணப்பதில் கலப்பு என்பது ஏது? அச்சொல்லே அங்குப் பொருந்தாது.

பொருந்தாத அச்சொல்லுக்காக உயிர்களே பறிக்கப்படுகின்றன. சாதி மாறி மணந்த இளைஞர் ஒருவர் 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அது எங்கோ நடந்தது என்று நாம் ஒதுங்க இயலாது. கோயிலில் ஓலை வாசிக்கையில், தடை உண்டெனில் அறிவிக்குமாறு கேட்கிறோம். திருச்சபைச் சட்டம் கூறும் திருமணத் தடைகளுள் சாதி இல்லை. அதை நம் இல்லங்களில் நாமே எழுதி வைத்துக்கொண்டோம்.

அன்பர்களே, மணமக்களுக்குப் பட்டுத் தெரிந்தெடுக்கக் கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். ஒருவரையொருவர் தெரிந்தெடுக்கும் உரிமையை அவர்களுக்கு விட்டுவைத்தோமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.