பார்த்து ஏறுங்க!

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் தவறி விழுகிறீர்கள். தப்பு யார் மேல்? விழுந்த உங்கள் மேலா, படிக்கட்டுக்குச் சொந்தக்காரர் மேலா?

'இதென்ன கேள்வி? கண்ணைத் திறந்துகிட்டு ஏறணும்' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானே விழுகிற வரைக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிக் கட்டடம். கீழே கடை. மேலே வக்கீல் நண்பரின் ஆபீஸ். இரண்டு சுவருக்கு நடுவே, எதிரில் ஆள் வந்தால் ஒதுங்க முடியாத படிக்கட்டு. கைப்பிடி கிடையாது. பல்பு ஃபியூஸ் போய்ப் பல மாதம். மேலிருந்து மூன்றாவது படியின் முனை உடைந்து, உள்ளே இருக்கும் கம்பி எட்டிப் பார்க்கும். வைகாசியில் ஒருநாள், இருட்டிய பிறகு பேசி முடித்து இறங்கினேன். அந்தப் படியில் கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், கடை வாசலில் நாலு பேர் என்னைத் தூக்கி உட்கார வைத்தது. கணுக்காலில் மாவுக்கட்டு. நாலு வாரம்.

கட்டடக்காரர் ஓடிவந்து சோடா வாங்கிக் கொடுத்தார். மனிதர் நல்லவர்தான். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தினம் அம்பது பேர் ஏறி இறங்குறாங்க சார். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்க பார்த்து இறங்கியிருக்கக் கூடாதா?"

கால் வலியைவிட அந்த வார்த்தைதான் வலித்தது.

"கேஸ் போடலாமா?" என்று வக்கீல் நண்பரிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய கதை சொன்னார். டெல்லி சாந்தினி சவுக்கில், டவுன் ஹாலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருந்தது. அது இடிந்து விழுந்து உயிர்கள் போயின. 'வெளியே பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. தெரியாத குறைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?' என்றது நகர நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1966-ல் தீர்ப்பு வந்தது. கட்டடத்துக்கு வயது சுமார் 80. அதில் பூசியிருந்த சாந்துக்கு ஆயுளே 40, 45 வருடம்தான். வயதான கட்டடத்தை அவ்வப்போது சோதிக்க வேண்டியது உடையவர் கடமை. அதைச் செய்யாமல் இருந்துவிட்டு 'தெரியாது' என்பது பதில் ஆகாது என்று சொல்லிவிட்டது கோர்ட்.

ரோட்டில் போகிறவருக்கே அந்தக் கடமை என்றால், வாசலைத் திறந்து வைத்து 'வாங்க' என்று கூப்பிட்ட ஆளுக்கு?

இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று, பெரியவர்களைப்போலக் குழந்தைகள் ஜாக்கிரதையாக இருக்க மாட்டார்கள் என்பதை இடத்துக்காரர் எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். இரண்டு, 'ஜாக்கிரதை' என்று எச்சரித்துவிட்டால் மட்டும் பொறுப்பு தீராது. அந்த எச்சரிக்கை வந்தவரைக் காப்பாற்றப் போதுமானதாக இருக்க வேண்டும். நம் ஊரில் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. கவனக்குறைவு என்ற பொதுவான சட்டத்தின் கீழ்தான் இழப்பீடு கேட்க வேண்டும். விழுந்தவர் பக்கமும் தப்பு இருந்தால், அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள்.

நியாயம்தான். என் தப்பு எனக்கு. இருட்டில் செல்போன் வெளிச்சத்தைப் போட்டிருக்கலாம். ஆனால், பாருங்கள், என் தப்பு ஒரு நொடி. அவர் தப்பு பல மாதம். இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

நான் பி.காம். படித்தவன். எனக்கு எல்லாமே கணக்காகத்தான் தோன்றும். வாடகை வருமானத்துக்கு வரி கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டு வரி போக மிச்சத்தில் 30 சதவிகிதத்தைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. ரிப்பேர், பராமரிப்பு மாதிரியான செலவுக்காகத்தான். பில் காட்ட வேண்டாம். செலவே செய்யாவிட்டாலும் கழிவு உண்டு. அதாவது, கட்டடம் தேயும் என்பது கவர்ன்மென்ட்டுக்குத் தெரியும். கழித்துக்கொள்கிற நமக்கும் தெரியும். அந்த முப்பதில் ஒரு ரூபாயாவது படிக்கட்டுக்குப் போக வேண்டாமா?

மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு இதையெல்லாம் மனசுக்குள் வாதாடி, கட்டடக்காரரைத் தினம் ஒரு தடவை தோற்கடித்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

கட்டுப் பிரித்தார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனேன். கையில் ஊன்றுகோல். பொன்னம்பலத்துக்கு ஏறும் ஐந்து படிகளைப் பஞ்சாட்சரப் படி என்பார்கள். எழுத்துக்கு ஒரு படி. கூட்டத்தில் நின்று அதையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மேல வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். அம்மா விட்டுப் போன வீடு. மாடியில் ஒரு டெய்லர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு.

முதல் படியில் ஊன்றுகோலை வைத்தேன். மேலே இருந்து அந்த அம்மா பதறிக் கூப்பிட்டார்:

"அண்ணே, ஏறாதீங்க! கால் சரியில்லாம இருக்கு. அந்த நாலாவது படி ஆடும். நீங்க அங்கேயே இருங்க."

அவரே ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். நாலாவது படியில் கால் வைக்காமல் தாண்டி வந்தார். பின்னாலேயே அவர் பையன். ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு, அவனும் அதே படியைத் தாண்டினான். பழகிவிட்டது போல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்கு வந்தபோதே இந்த அம்மா சொல்லியிருந்தார்: "அண்ணே, மாடிப்படியில ஒரு கல்லு ஆடுது. புள்ள ஓடுறான்." நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. "பார்த்து ஏறச் சொல்லும்மா. திருவிழா முடியட்டும், ஆள் அனுப்புறேன்."

அடுத்த திருவிழாவே வந்துவிட்டது. அந்த 30 சதவிகிதத்தை மட்டும் மறக்காமல் கழித்திருந்தேன்.

மஞ்சக்குப்பத்துக்காரர் கெட்டவர் இல்லை என்று சொன்னேன் இல்லையா? நானும் இல்லை. வாடகை குறைச்சல், கொத்தனார் கிடைக்கவில்லை, வேலை ஜாஸ்தி. எனக்கும் காரணங்கள் இருந்தன. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேரை வீட்டுக்காரர் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதையும் ஒரு காலத்தில் செய்தியாக எழுதியவன் நான்.

2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். மேலே கீற்றுக் கூரை, இறங்கக் குறுகலான படிக்கட்டு. அது ஒரே நாளில் முளைத்ததா? எத்தனை பெரியவர்கள் தினம் பார்த்திருப்பார்கள்? பார்த்துப் பார்த்துப் பழகிப் போவதுதான் இதில் ஆபத்து. விபத்து நடக்காத ஒவ்வொரு நாளையும், 'ஒண்ணும் ஆகாது' என்பதற்குச் சாட்சியாக நாம் சேர்த்துக்கொண்டே போகிறோம். உண்மையில் அது சாட்சி இல்லை. தள்ளிப்போட்ட கடன்.

ஒரு குறை தெரிந்த நிமிஷத்தில் அது நம்முடையதாகிறது. சொன்ன பிறகும் சும்மா இருந்தால், விழப்போகிறவருக்கு 'பார்த்து ஏறுங்க' என்று நம் கடமையை மாற்றி எழுதிக் கொடுக்கிறோம். அதை அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார், வேறு வழி இல்லாததால்.

மறுநாளே கொத்தனார் வந்தார். இரண்டு நாள் வேலை. கைப்பிடிக்குப் பைப்பும் வைத்தாயிற்று. எல்லாம் சேர்த்து, என் மாவுக்கட்டுக்கு ஆன செலவைவிடக் குறைவு.

கடலூரில் கேஸ் போடவில்லை. பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். வாதாடுகிற தைரியம் போய்விட்டது. ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. அடுத்து ஏறப்போகிறவர் இருக்கிறாரே. 'என் காலுக்கு ஒன்றும் தர வேண்டாம். படியைச் சரிசெய்யுங்கள்' என்று கட்டடக்காரருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். இனிமேல் அவர் 'தெரியாது' என்று சொல்ல முடியாது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். புது பல்பு மாட்டியிருக்கிறார். படி மட்டும் அப்படியே இருக்கிறது. உடைந்திருப்பது இப்போது நன்றாகத் தெரிகிறது.