எதைப் பிடுங்குவது?

பீட்ரூட் விதை என்று நாம் வாங்கி வருவது உண்மையில் தனி விதையன்று. காய்ந்த கனிகளின் கொத்து. அந்தக் கரடுமுரடான உருண்டைக்குள் இரண்டு, மூன்று, சில வேளை நான்கு விதைகள் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. ஆகவே புறக்கடைப் பாத்தியில் ஒன்றே ஒன்றை ஊன்றினாலும், பத்து நாளில் செந்தண்டோடு இரண்டு மூன்று நாற்றுகள் தோளோடு தோள் உரசி எழுகின்றன. நெருக்கி விதைத்துவிட்டோமே என்று நம்மை நாமே நொந்துகொள்ள இடமில்லை. நெருக்கம் பிறப்பிலேயே இருக்கிறது.

இருபதாம் நாளளவில் செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் இலைதான் தழைக்கும், கிழங்கு திரளாது. களையெடுப்பது வேறு, பயிர் கலைப்பது வேறு. மத்தேயு 13ஆம் அதிகாரத்து வீட்டுத்தலைவர், களையோடு கோதுமையும் போய்விடுமே என்று அஞ்சி அறுவடை மட்டும் பொறுக்கச் சொல்கிறார். நம் பாத்தியிலோ பிடுங்குவது அனைத்துமே கோதுமை. விரல் சற்றுத் தயங்குவது அதனால்தான். (இத்தொல்லை தீர, 1948இல் அமெரிக்காவில் சவிட்ஸ்கி என்னும் அறிஞர் சர்க்கரைப் பீட்டு வயல்களில் தேடி, ஒற்றை விதை தாங்கும் செடிகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். நமக்கு வாய்த்த பொட்டலத்தில் இருந்தவை கொத்துகளே.)

பயிர் கலைப்பதன் நியாயத்தை நாம் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. மகன் கல்லூரிக்கு, மகள் ஆலைக்கு என்பது ஏழை வீடுகளில் நெடுநாள் கணக்கு. 1990களில் தொடங்கிக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம் அக்கணக்குக்கு ஓர் உருவமே தந்துவிட்டது. பதின்வயதுப் பெண் மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைக்க வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை. இடையில் நோயுற்று வெளியேறிய பலருக்கு அத்தொகை கிட்டவில்லை. தென் மாவட்டத்துப் பிள்ளைகளும் பேருந்தேறி இங்கு வந்தனர்.

"எல்லாரையும் படிக்க வைக்க முடியுமா?" என்று பெற்றோர் கேட்கையில் நமக்குச் சட்டென்று மறுமொழி வருவதில்லை. ஆயினும் பீட்ரூட்டை இங்கே சாட்சிக்கு அழைப்பது முறையன்று. ஒரு செடிக்கு இவ்வளவு மண் வேண்டும் என்பது படைப்பின் ஒழுங்கு. குறைந்த கூலியும் சீதனமும் மனிதர் வகுத்தவை; அவற்றை வகுத்தவர்களில் நாமும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாத்தியில் நாம் குனிந்து, ஒவ்வொரு நாற்றாகப் பார்த்து, நலிந்ததைத் தேடுகிறோம். வீட்டில் அந்தப் பார்வைகூட இல்லை. பெண் என்றதுமே முடிவு செய்தாயிற்று. அவள் வகுப்பில் முதலாவதாக இருந்தாலும்.

இம்முறை கலைத்த நாற்றுகளைக் கீரைக்கு அனுப்பாமல், ஈரமண்ணோடு பெயர்த்து, வெயில் தாழ்ந்த பின் வேலியோரம் ஒரு சிறு பாத்தி கட்டி நட்டோம். மறுநாள் துவண்டு கிடந்தன. நான்காம் நாள் பெரும்பாலானவை நிமிர்ந்தன. உடன்பிறந்தவற்றைவிட இரண்டு வாரம் பிந்தித்தான் கிழங்கு வைத்தன.