திருப்பிக் கொடுக்க வேண்டியவர் யார்?



களவு செய்த ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய வருகிறார். மனம் நொந்து அழுகிறார். குருவானவர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டீரா?" கொடுக்கவில்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லையென்றால் அந்த அழுகையை மனஸ்தாபமென்று சொல்ல முடியாது. உடைமைக்காரர் இறந்துபோனாரா? அவருடைய உரித்தாளருக்குக் கொடுக்கட்டும். உரித்தாளரும் இல்லையா? ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். எடுத்தவருடைய பெட்டிக்குள் மட்டும் அது கிடக்கக் கூடாது. பொருளானது தன் சொந்தக்காரனைக் கூவி அழைக்கிறது என்று குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பிலே இலத்தீனில் மனனம் செய்தோம். ஆட்டுக்குட்டிக்கும் வேலி எல்லைக்கும் இந்த நியாயத்தைப் பொருத்துவது இலகு. ஒரு நாட்டுக்கு எவ்வாறு பொருத்துவது? அதிலும், பறிகொடுத்தவனே பறித்தவனுக்கு நட்டஈடு கட்டிய ஒரு நாட்டுக்கு?

கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டியைத்தான் சொல்கிறேன். பிரான்சின் ஆட்சியில் அதற்குச் சென் டொமிங் என்று பெயர். 1789ஆம் ஆண்டளவில் ஐரோப்பா குடித்த கோப்பியில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்தே போயிற்று. சீனியும் அவ்வாறே மலைமலையாகப் போயிற்று. அதை விளைவித்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். தொகை ஏறக்குறைய ஐந்து இலட்சம். கரும்பாலையிலும் வயலிலும் அவர்கள் மடிந்த வேகத்துக்குப் பிறப்பு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே கப்பல்கள் ஆண்டுதோறும் புதியவர்களைக் கொண்டுவந்து இறக்கின. எமது துறவற சபைகள் சிலவும் அந்தத் தீவுகளில் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தன என்பதை இந்த இடத்தில் மறைப்பது நேர்மையாகாது.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1794இல் பிரான்சின் புரட்சி அரசு அடிமைத்தனத்தை ஒழித்தது. எட்டே ஆண்டுகளில் நெப்போலியன் ஒரு பெரும் படையை அனுப்பினான். தலைவர் துசேன் லூவெத்தியூர் பிடிபட்டு, பிரான்சின் குளிர்மலைக் கோட்டையொன்றில் 1803 ஏப்ரல் 7ஆம் திகதி இறந்தார். ஆனால் அந்தப் படை தோற்றது. 1804 ஜனவரி முதலாம் திகதி ஹெயிட்டி சுதந்திரம் பிரகடனம் செய்தது. அவ்வாண்டிலேயே புதிய ஆட்சியாளர் டெசலின், தீவில் எஞ்சியிருந்த பிரெஞ்சு மக்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்வித்தார். அந்த இரத்தமும் இரத்தமே. அதைக் கணக்கில் சேர்க்காமல் எழுத எனக்கு மனமில்லை.

இனி 1825ஆம் ஆண்டுக்கு வருவோம். பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ள்ஸ் ஒரு கட்டளைப் பத்திரம் அனுப்பினார். ஹெயிட்டியின் சுதந்திரத்தை அவர் ஏற்றுக்கொள்வாராம். அதற்கு ஈடாக, நட்டமடைந்த பழைய தோட்டக்காரருக்கு 15 கோடி பிராங்க் ஐந்து தவணைகளில் கட்ட வேண்டுமாம். பிரெஞ்சு வணிகத்துக்குத் துறைமுகத் தீர்வையிலும் பாதி குறைக்க வேண்டுமாம். பத்திரத்தோடு வந்தவை 14 யுத்தக் கப்பல்களும் ஏறத்தாழ 500 பீரங்கிகளும். ஜனாதிபதி புவாயே ஒப்பமிட்டார்.

தோட்டங்களின் பெறுமதியிலே அவற்றில் உழைத்த அடிமைகளின் விலையும் அடங்கியிருந்தது. அப்படியானால் அங்கே நடந்தது என்ன, வாசகரே? களவாடப்பட்ட மனிதன் தன்னைத்தானே மீட்டுக்கொண்டான். இருபது ஆண்டுகள் கழித்து, களவாடியவன் வாசலில் வந்து நின்று, உன் விலையைத் தா என்று கேட்டான்.

முதல் தவணை மூன்று கோடி. அது ஹெயிட்டி அரசின் அவ்வாண்டு வருமானத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்பது ஆய்வாளர் மதிப்பு. கையில் பணமில்லை. ஆகவே பாரிஸ் வங்கியாளரிடமே மூன்று கோடி கடன் வாங்கப்பட்டது. அவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்காகிய 60 இலட்சத்தை முன்கூட்டியே கழித்துக்கொண்டு, மீதி 2 கோடி 40 இலட்சத்தையே கொடுத்தனர். வட்டியோ முழுத் தொகைக்கும். எங்கள் ஊர்களில் ஈடு வைத்துக் கடன்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடனுக்குமேல் கடன். அதைக் கட்டியது எது? பெரும்பாலும் கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வை. மலைச்சரிவில் ஒரு துண்டுக் காணியில் கோப்பி நட்ட குடியானவன், நேற்றுவரை அடிமையாயிருந்தவனின் மகன், ஒவ்வொரு மூட்டையிலும் தன் தகப்பனின் விலையைக் கட்டிக்கொண்டிருந்தான். 1826இல் புவாயே ஒரு கிராமியச் சட்டம் கொண்டுவந்து அவனை மீண்டும் பெருந்தோட்ட வேலைக்குள் தள்ளப் பார்த்தார். 1838இல் மொத்தம் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அதற்கென்று வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது. பாடசாலையாக, வைத்தியசாலையாக, வீதியாக மாறியிருக்கக்கூடிய பணம் அது.

உரோமையும் தாமதித்தது. திருச்சபைக்கும் ஹெயிட்டிக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது 1860இலேதான். அதுவரை ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அந்தக் கத்தோலிக்க மக்கள் முறையான மேற்றிராணியார் இன்றி இருந்தார்கள்.

ஹெயிட்டியர் தாமே ஒப்பமிட்டார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அநீதியான பேரச்சத்தால் பெறப்பட்ட சம்மதத்தை ஒழுக்க இறையியல் முழுச் சம்மதமாக ஏற்பதில்லை. 500 பீரங்கிகள் எந்த அச்சத்துக்கும் போதுமானவை.

இன்றைய பிரெஞ்சுக்காரன் யாரையும் அடிமைப்படுத்தவில்லையே என்பது அதைவிடக் கனமான கேள்வி. உண்மைதான். தகப்பன் செய்த பாவத்தைப் பிள்ளை சங்கீர்த்தனம் செய்ய முடியாது. ஆனால் தகப்பனின் வீட்டையும் காணியையும் எடுத்துக்கொள்ளும் பிள்ளை, அவற்றின்மேலுள்ள கடன் மட்டும் தனக்கு வேண்டாமென்று எந்த நீதிமன்றில் சொல்லலாம்? அரசு என்பது தலைமுறை தாண்டி வாழும் ஓர் ஆள். பழைய வெற்றிகளைத் தன்னுடையவை என்று கொண்டாடுகிற அதே ஆள்தான் பழைய பற்றுச்சீட்டுகளுக்கும் சொந்தக்காரன்.

கொடுத்தால் யார் கைக்குப் போகும் என்ற கேள்விதான் என்னை உண்மையில் தயங்க வைக்கிறது. 1957 முதல் 1986 வரை ஆண்ட டுவாலியே குடும்பம் தன் சொந்த மக்களையே கொள்ளையடித்தது. பின்வந்த ஆண்டுகளும் அந்த மக்களுக்கு நிம்மதி தரவில்லை. ஆனாலும் இது எவ்வாறு கொடுப்பது என்ற கேள்வியேயன்றி, கொடுப்பதா விடுவதா என்ற கேள்வியன்று. கடன் கொடுத்தவரின் வீட்டில் சச்சரவு என்று சொல்லிக் கடன்பட்டவர் பணத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் நாம் அதற்கு என்ன பெயர் சொல்லுவோம்?

2003 ஏப்ரல் 7ஆம் திகதி, துசேன் இறந்த இருநூறாம் ஆண்டு நினைவன்று, முன்னர் சலேசிய சபைக் குருவாயிருந்த ஜனாதிபதி அரிஸ்டீட் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவருடைய அரசு போட்ட கணக்கு 2,168 கோடி டொலருக்கு மேல். கடைசியில் 48 சதமும் இருந்தது. சதக் கணக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை, 1825இல் கேட்டவர்களும் கணக்குப் பார்த்துத்தான் கேட்டார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அரிஸ்டீட் பதவியிழந்து நாட்டைவிட்டுப் போனார். கோரிக்கையும் கிடப்பில் போடப்பட்டது.

2025 ஏப்ரல் 17ஆம் திகதி, அந்தக் கட்டளைப் பத்திரத்துக்குச் சரியாக இருநூறு ஆண்டு நிறைவில், பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ஓர் அறிக்கை விட்டார். ஒரு மக்களின் சுதந்திரத்துக்கு விலை வைக்கப்பட்டதை அதில் ஒப்புக்கொண்டு, இரு நாட்டு வரலாற்றாசிரியரும் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்றை அறிவித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.