சிரித்தவருக்குப் பங்கில்லையா?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் காரமடையிலிருந்து காந்திபுரம் செல்லும் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநரின் தலைக்கு மேலே பண்பலை வானொலி உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடையில், முன்பின் அறியாத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றி வேடிக்கை காட்டும் நிகழ்ச்சி வந்தது. அன்று அகப்பட்டவர் ஒரு முதியவர். வங்கி அதிகாரியைப் போலக் குரலை மாற்றிக்கொண்ட தொகுப்பாளர், "மாட்டுக் கடனுக்குத் தவணை கட்டவில்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போக ஆள் வருகிறது" என்று மிரட்டினார்.

"சாமி, கட்டிப்போட்டேனுங்க சாமி. ரசீது ஊட்டுல இருக்குதுங்க" என்றார் முதியவர். மிரட்டல் கூடியது. அவருடைய குரல் தழுதழுத்தது. "கன்னுக்குட்டி இன்னும் பால் குடிக்குதுங்க. அதையாச்சும் உட்டுட்டுப் போகச் சொல்லுங்க சாமி" என்று கெஞ்சினார். பேருந்து முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் பக்கத்து இருக்கையில் கறிவேப்பிலைக் கட்டை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பாவமுங்க, அந்தப் பெரியவரு நெசமுன்னு நெனச்சுட்டாரு" என்றார். சிறிது நேரத்தில் உண்மை உடைக்கப்பட்டது. முதியவரும் சிரித்தார். நிகழ்ச்சி இனிதே முடிந்தது. துடியலூர் தாண்டுவதற்குள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் அந்த அம்மாவின் சொல் என்னை விடவில்லை. ஏமாற்றியவர் தொகுப்பாளர், அவமானப்பட்டவர் முதியவர், கேட்டுச் சிரித்த எனக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா?

குசும்புக்கும் ஓர் ஒழுங்கு

கொங்கு நாட்டாருக்குக் குசும்பு கூடப்பிறந்தது என்பார்கள். கவுண்டமணியையும் சத்யராஜையும் மணிவண்ணனையும் தமிழ்த் திரைக்குத் தந்த மண் இது. எனவே நகைச்சுவையை வெறுத்து ஒதுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம்முடைய குசும்பை உற்றுப் பார்த்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். கேலி செய்பவரும் கேலிக்கு ஆளானவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கேலிக்கு ஆளானவர் அடுத்த நொடியே திருப்பிக் கொடுக்கலாம். எவ்வளவு வாரினாலும் சொல்லின் முடிவில் "ங்க" ஒட்டிக்கொண்டே இருக்கிறது. முடிவில், "வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்று உறவு தொடர்கிறது.

தொலைபேசி ஏமாற்றில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கு எல்லாம் தெரியும். மற்றவருக்கு எதுவும் தெரியாது. தாம் பேசுவதை ஒரு நகரமே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அவர் அறியார். "கடைசியில் அவரே சிரித்துவிட்டாரே" என்று கேட்கலாம். மாடு பிழைத்தது என்ற நிம்மதியில் எழுந்த சிரிப்பு அது. ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது சிரிப்பதைத் தவிர அவர் வேறென்ன செய்ய முடியும்? இத்தகைய அழைப்புகளில் பல முன்கூட்டியே பேசிவைத்த நாடகங்கள் என்று சொல்வாரும் உண்டு. அப்படியே இருக்கட்டும். கேட்ட நான் அதை உண்மையென்று நம்பித்தானே சிரித்தேன்? ஒரு முதியவரின் நடுக்கம் எனக்கு இன்பம் தந்தது என்பது மாறிவிடுமா?

இங்கு எந்தத் தனி மனிதரையும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. 2006ஆம் ஆண்டில் கோவை ரேடியோ மிர்ச்சியில் தம் பணியைத் தொடங்கிய ஆர்.ஜே. பாலாஜி, பின்னர்ச் சென்னை பிக் எஃப்.எம். நிலையத்தில் 'கிராஸ் டாக்' என்னும் தொலைபேசி வேடிக்கை நிகழ்ச்சியால் தமிழகமெங்கும் அறியப்பட்டார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நடிகர் சித்தார்த்துடன் சேர்ந்து உதவிகளைத் திரட்டுவதில் முன்னின்றவரும் அவரே. ஒலிவாங்கி எதையும் தானாகச் செய்வதில்லை. அதன் முன் நிற்பவரும், அப்பால் இருந்து கேட்பவருமே அதற்கு உயிர் கொடுக்கிறார்கள்.

ஒரு தாதியின் மரணம்

மேலை நாடுகளில் இவ்வகை வேடிக்கை பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. கேட்பவரைத் திடுக்கிட வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களை அங்கே 'ஷாக் ஜாக்' என்று அழைத்தார்கள். ஆபாசம், இனக் கேலி, பெண்களை இழித்துரைத்தல், அறியாதவரை ஏமாற்றுதல் ஆகியவை அவர்களுடைய சரக்கு. நம் நாட்டிலும் அதன் தீப்பொறி பட்டதுண்டு. 2007 செப்டம்பரில், 'இந்தியன் ஐடல்' பாட்டுப் போட்டியில் வென்ற நேபாளி மொழிக் காவலர் பிரசாந்த் தமாங்கைப் பற்றித் தில்லிப் பண்பலை நிலையம் ஒன்றின் தொகுப்பாளர் கேலியாகப் பேசினார். அதன் எதிரொலியாகச் சிலிகுரியில் கலவரம் மூண்டது; இராணுவத்தை அழைக்க நேர்ந்தது.

இந்த வேடிக்கையின் முழு விலையை உலகம் 2012 டிசம்பர் 4ஆம் நாள் கண்டது. சிட்னி நகரின் 2டே எஃப்.எம். நிலையத்தைச் சேர்ந்த இரு தொகுப்பாளர்கள், இங்கிலாந்து அரசியாகவும் இளவரசர் சார்லசாகவும் நடித்து, லண்டனிலுள்ள ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவமனையை அழைத்தார்கள். இளவரசர் வில்லியமின் மனைவி கேட் அப்போது கருவுற்ற நிலையில் அங்கே சிகிச்சை பெற்றுவந்தார். விடியற்காலை வேளை, வரவேற்பாளர் இல்லை. தொலைபேசியை எடுத்த தாதி ஜசிந்தா சல்டானா அழைப்பை நம்பி, நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த மற்றொரு தாதியிடம் இணைப்பைக் கொடுத்தார். அவரும் நம்பி நோயாளியின் நிலையைச் சொன்னார். அந்தப் பேச்சு ஒலிபரப்பாகி உலகெங்கும் பரவியது, உலகம் சிரித்தது. மூன்றாம் நாள் ஜசிந்தா இறந்து கிடந்தார். அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று 2014இல் நடந்த விசாரணை முடிவு செய்தது.

ஜசிந்தா நம் கர்நாடகக் கடற்கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், வயது 46, இரு பிள்ளைகளின் தாய். உடுப்பி மாவட்டத்துச் சிர்வா என்னும் ஊரில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனத்துள் என்ன நிகழ்ந்தது என்பதை இறைவன் ஒருவரே அறிவார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பேச்சு நேரலையில் தவறிப்போய் வந்துவிட்டதன்று. முன்னதாகப் பதிவு செய்து, நிலையத்தின் சட்ட அறிஞர்களிடம் காட்டிய பிறகே ஒலிபரப்பினார்கள். 'இது சட்டத்துக்கு உட்பட்டதா?' என்ற கேள்வி எழுந்தது. 'அந்தத் தாதி நாளை எப்படித் தலைநிமிர்ந்து வேலைக்கு வருவாள்?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 2015இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்த ஒலிபரப்பில் சட்டமீறல் இருந்ததென்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவை நிலைநாட்டியது. தொகுப்பாளர்களும் கதறி அழுதார்கள்; அவர்களில் ஒருவர் லண்டன் விசாரணைக்கு நேரில் சென்று குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கேட்டுவிட்டார்கள். உடன் சிரித்த கோடிக்கணக்கானோர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்?

கண்ணைக் கட்டி அடித்தவர்கள்

புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இக்கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். தமது இறையியல் தொகுப்பில் திட்டுதல், புறங்கூறுதல், ஏளனம் செய்தல் ஆகியவற்றைத் தனித்தனியாக எடைபோடும் அவர், ஏளனம் திட்டுதலைவிடக் கொடியதாகக் கூடும் என்கிறார். திட்டுகிறவன் பிறருடைய தீமையையாவது பொருட்படுத்துகிறான். ஏளனம் செய்பவனோ அதனை விளையாட்டாக்கி, அந்த மனிதரையே ஒரு பொருட்டாக எண்ணாமல் விடுகிறான் என்பது அவர் காட்டும் காரணம். புறங்கூறுதலை இன்புற்றுக் கேட்பவன் கூறுபவனுக்குக் குறையாத குற்றவாளி. சில வேளைகளில் அவனுக்கும் மேற்பட்டவன் என்றும் அவர் எழுதுகிறார். நகைச்சுவையை அறவே வெறுத்தவருமல்லர் அவர். அளவோடு கூடிய விளையாட்டு மனத்துக்கு ஓய்வு தரும் நற்பண்பு என்று போற்றியவர்.

வள்ளுவரும் இதற்கு வேறுபட்டவரல்லர். விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்பதைப் பண்புடைமை அதிகாரத்தில் அவர் உணர்த்துகிறார்.

எனினும் என் கேள்விக்கு நேர்விடையை நான் கண்டது ஒரு தவக்காலத்தில், லூக்கா நற்செய்தியின் பாடுகளின் வரலாற்றை வாசித்தபோதுதான். காவலர்கள் இயேசுவின் கண்களைக் கட்டினார்கள். அடித்தார்கள். அடித்தது யார் என்று இறைவாக்கினராகச் சொல்லும்படி கேட்டு நகைத்தார்கள். எத்தனையோ முறை படித்த பகுதி அது. அன்று அந்தப் பேருந்து என் நினைவுக்கு வந்தது. ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, அவருக்குத் தெரியாததை வைத்து அவரை அடித்து, 'அடித்தது யார், சொல் பார்க்கலாம்' என்று கேட்டுச் சிரிப்பது! அடித்த கை ஒன்றாக இருக்கலாம். அந்த முற்றத்தில் நின்று சிரித்த வாய்கள் எத்தனையோ? அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அந்தக் கை மறுமுறை ஓங்கியிருக்குமா?

வானொலி நிலையம் விளம்பரக்காரரிடம் நீட்டும் கணக்கில் நம் செவிகள் இருக்கின்றன. நாம் எண்ணிக்கையாக நிற்கிறோம். எனவே நமக்குப் பங்கு உண்டு. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆணையும், படைப்போருக்கு மட்டுமன்றி, தாமே விரும்பித் தேர்ந்து கேட்போருக்கும் காண்போருக்கும் கடமை உண்டு என்று போதிக்கிறது. அந்த ஆணை வெளியான நாள் 1963 டிசம்பர் 4. அதே டிசம்பர் 4ஆம் நாளில்தான், 49 ஆண்டுகள் கழித்து, லண்டன் மருத்துவமனையில் அந்தத் தொலைபேசி ஒலித்தது.

நம் வீட்டுக் கதை

இவையெல்லாம் உலகத்தாரின் குற்றம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. வானொலியில் வெறுப்பைக் காட்டிக் கூட்டம் சேர்க்கலாம் என்று முதலில் கண்டவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ராயல் ஓக் என்னும் ஊரில், நாம் அன்போடு சிறுமலர் என்றழைக்கும் புனித குழந்தை தெரேசாவின் பெயரால் அமைந்த ஆலயத்தின் பங்குத் தந்தை சார்லஸ் காஃப்லின், 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். முதலில் குழந்தைகளுக்கு மறைக்கல்வி, பிறகு ஏழைகளுக்காகப் பரிவு, பிறகு அரசியல், 1938 முதல் யூதர்கள் மீது வெளிப்படையான வெறுப்பு. கோடிக்கணக்கானோர் அவருடைய குரலுக்காகக் காத்திருந்தனர். 1942இல் தெத்ராய்த்துப் பேராயர் எட்வர்டு மூனி அவரை வாய் மூடச் செய்தார். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய குரலும், கூட்டத்தின் கைதட்டலைத் தின்று கொழுக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அத்தகைய வானொலியின் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. அமெரிக்காவின் ஹோவர்டு ஸ்டெர்ன் அபராதங்களுக்குப் பின் 2006இல் கட்டணச் செயற்கைக்கோள் வானொலிக்கு மாறினார். டான் ஐமஸ் 2007இல் கறுப்பின வீராங்கனைகளை இழித்துரைத்துத் தம் வேலையை இழந்தார். சிட்னி நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது. இதைக் கண்டு நாம் மனம் மாறிவிட்டோம் என்று மகிழலாமா? விளம்பரக்காரர் விலகினர், செவிகள் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தன, கடை இடம் மாறியது. 2021 ஜனவரியில் சென்னையில் யூட்யூப் அலைவரிசை ஒன்றைச் சேர்ந்த மூவர், கடற்கரையில் பெண்களை ஆபாசமாகப் பேசவைத்துப் படமெடுத்து வெளியிட்டதாக ஓர் இளம்பெண் அளித்த புகாரில் கைது செய்யப்பட்டனர். அன்று பேருந்தில் ஐம்பது பேர் சேர்ந்து சிரித்தோம்; சிரிக்காத ஓர் அம்மாவின் முகமாவது என்னைத் தடுக்க அருகில் இருந்தது. இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிரிக்கிறோம். தடுக்க எந்த முகமும் இல்லை.

அன்பர்களே, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகும்போது நாம் பேசியவற்றை எண்ணிப் பார்க்கிறோம். கேட்டவற்றையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். இன்று எதைக் கேட்டு நகைத்தேன்? யாருடைய கண் கட்டப்பட்டிருந்தபோது நகைத்தேன்? அடுத்தவருக்கு அனுப்பி அந்த முற்றத்தின் கூட்டத்தைப் பெருக்கினேனா?

கறிவேப்பிலைக் கட்டோடு கவுண்டம்பாளையத்தில் இறங்கிப்போன அந்த அம்மா இறையியல் கற்றவராகத் தோன்றவில்லை. அவர் யாருக்கும் அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு முதியவரின் குரலை ஒரு மனிதரின் குரலாகவே கேட்டார், அவ்வளவுதான். காது உள்ளோர் கேட்க வேண்டும் என்று ஆண்டவர் அழைத்தது இத்தகைய கேட்டலுக்கே என்று நான் நம்புகிறேன். அந்தச் செவியை இறைவன் நமக்கும் அருள்வாராக.