69 இலட்சம் வாக்குகளின் அறக்கணக்கு

இலங்கையில் 2019 நவம்பர் 16 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 6,924,255 வாக்குகளை, அதாவது செல்லுபடியான வாக்குகளில் 52.25 விழுக்காட்டைப் பெற்று வென்றார். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் மக்கள் எழுச்சியின் முன் நிற்க இயலாமல் 2022 ஜூலை 13 அன்று நாட்டைவிட்டு வெளியேறி, மறுநாள் பதவி விலகினார். வெற்றி பெற்றவர்கள் பெருமிதத்தோடு சொல்லிவந்த ‘69 இலட்சம்’ என்னும் எண், இந்த இடைக்காலத்தில் அவருக்கு வாக்களித்தவர்களைக் குத்திக்காட்டும் ஏளனச் சொல்லாக மாறியது. பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று தம் வாக்கை நொந்துகொண்டவர்களின் வருத்தம் அறத்தின் பார்வையில் எத்தகையது என்பதும், அவ்வருத்தத்தோடு அவர்களுடைய பொறுப்புத் தீர்ந்துவிடுகிறதா என்பதும் எளிதில் விடை காணக்கூடிய கேள்விகள் அல்ல.

வாக்காளரைக் குறை கூறுவதற்கு முன் அவர் நின்ற சூழலை எண்ணிப் பார்ப்பது நியாயம். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு நாளில், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தும் அன்றைய அரசு அவற்றைத் தடுக்கத் தவறியது. ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரோடொருவர் முரண்பட்டு நின்ற ஆட்சியில் சலிப்புற்றிருந்த மக்களுக்கு, உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய உறுதியின் வடிவமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அச்சம் உண்மையானது, தெரிவுகளோ மிகச் சில. போதாததற்கு, பல இலட்சம் வாக்குகளுள் ஒன்றான தனி வாக்கு முடிவை மாற்றுவதில்லை என்பதால், விளைவு முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவதும் பொருந்தாது.

இங்கு மெய்யியலாளர்கள் ‘அறம் சார்ந்த ஊழ்’ என்று அழைக்கத்தக்க ஒரு சிக்கலைச் சுட்டுவர். பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976-இல் விவாதத்துக்குக் கொண்டுவந்த இக்கருத்து, ஒருவர் செய்த செயல் மாறாதிருக்க, அவர் கையில் இல்லாத விளைவுகளைக் கொண்டே அவரைப் புகழவும் பழிக்கவும் செய்கிறோம் என்பதைக் குறிக்கும். கொரோனாப் பெருந்தொற்று வராமல், சுற்றுலா வருவாய் வற்றாமல் இருந்திருந்தால், 2019-இல் வாக்களித்தோரில் பலர் இன்றும் வருந்தாமலே இருந்திருக்கக்கூடும். ஆனால் அவர்கள் அளித்த வாக்கு அதே வாக்காகத்தான் இருந்திருக்கும். ஆகவே ஊழின் கலப்பை நீக்கி எடைபோட வேண்டுமாயின், பின்னர் நடந்தவற்றை ஒதுக்கிவைத்து, வாக்களித்த நாளில் அந்த வாக்காளருக்குத் தெரிந்திருந்ததும் தெரிந்திருக்கத்தக்கதும் எவை என்று கேட்பதே முறையாகும்.

இந்த அளவுகோலைப் பொருத்தினால், மக்கள் மிகுதியாக வருந்தும் செய்திகளில் அவர்கள் பெரும்பாலும் குற்றமற்றவர்களாகவே தெரிகின்றனர். இயற்கை வேளாண்மைக்குப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக மாறுவதாகவே கோட்டாபயவின் தேர்தல் அறிக்கை கூறியது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தி உழவரின் விளைச்சலை வீழ்த்தும் முடிவு வருமென்று எந்த வாக்காளரும் கணித்திருக்க முடியாது. பெறுமதி சேர் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கும் திட்டம் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. அதன் விபரீதத்தை அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்திருந்தாரென்றாலும், தேர்தல் காலத்தில் எதிரணியிலிருந்து வரும் எச்சரிக்கையைச் சாதாரண வாக்காளர் தள்ளுபடி செய்வது மன்னிக்கத்தக்கதே. வருவாய் குன்றி, அந்நியச் செலாவணி கரைந்து, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியதற்கான முதன்மைப் பொறுப்பு ஆட்சியாளரைச் சார்ந்தது. பொருளாதார நெருக்கடி குறித்து 2023 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றமும், கோட்டாபய உள்ளிட்ட ராஜபக்ச சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினர் என்றே கண்டது.

ஆனால் இதே அளவுகோல், மக்கள் குறைவாக வருந்தும் இடத்தில் கடுமையாகிறது. அந்த வெற்றி எவரை விலக்கிக் கட்டப்பட்டது என்பது 2019-இலேயே மறைபொருளாக இருக்கவில்லை. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை, நுவரெலியா ஆகிய, தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் தேர்தல் மாவட்டங்கள் அனைத்திலும் கோட்டாபய தோற்றார். அநுராதபுரத்தின் ருவன்வெலிசாய பௌத்தத் தூபியில் பதவியேற்றபோது, சிங்களப் பெரும்பான்மை வாக்குகளைக் கொண்டே வெல்ல முடியுமென்று தாம் அறிந்திருந்ததாக அவரே கூறினார். 2000-இல் மிருசுவிலில் எட்டுத் தமிழ்க் குடிமக்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த இராணுவ வீரருக்கு 2020 மார்ச்சில் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்தபோதிலும், முஸ்லிம்களின் உடல்களும் 2021 பெப்ரவரி வரை வலிந்து எரிக்கப்பட்டன. ஏறத்தாழ இதே காலத்தில்தான், 2020 ஆகஸ்டு பொதுத் தேர்தலில், ஆளும் கட்சியான பொதுஜன பெரமுன 59 விழுக்காட்டு வாக்குகளோடு 145 ஆசனங்களைப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அரசியலமைப்பின் இருபதாம் திருத்தத்தின் வழியே ஜனாதிபதியின் அதிகாரம் மேலும் விரிந்தது. அயலாரின் துயர் கண்முன் நிகழ்ந்தபோது தோன்றாத வருத்தம், அடுப்பு எரியாதபோது தோன்றியதென்றால், வருத்தத்தின் பொருள் வாக்கு அன்று. வாக்கால் கிடைக்காமற்போன பயனே ஆகும்.

இவ்வாறு பிரித்துப் பார்ப்பது, பசியால் பிறந்த வருத்தத்தைப் பொய்யென்று தள்ளிவிடுவதாகாது. தன் உடலில் பட்ட பின்னரே பிறர் வலியை உணர்வது மனித இயல்பு. அவ்வுணர்வு வந்த வாயிலைக் காட்டிலும் அது எவ்வளவு தொலைவு சென்றது என்பதே மதிக்கத்தக்கது. காலி முகத்திடலில் ‘கோட்டா கோ ஹோம்’ என்று முழங்கிய போராட்டக்களத்தில், 2022 மே 18 அன்று போரின் இறுதிக்கட்டத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்த தமிழர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பகிரப்பட்டது. அதில் பங்கேற்றோர் சிலரேயாயினும், கொழும்பின் நடுவில் அதற்கு முன் எண்ணிப் பார்க்கவும் அரிதாயிருந்த அச்செயல், சொந்தத் துன்பம் பிறர் துன்பத்தை நோக்கித் திறக்கவும் கூடும் என்பதற்குச் சான்றாகும்.

ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், நாசி ஆட்சி வீழ்ந்த பின் 1946-இல் வெளியிட்ட நூலில், சட்டத்தின் முன்னான குற்றத்தையும், தன் மனச்சான்றின் முன்னான குற்றத்தையும், ஓர் அரசின் குடிமக்கள் என்ற வகையில் அனைவரும் ஏற்கவேண்டிய அரசியல் பொறுப்பையும் வேறுபடுத்தினார். இரு நாடுகளின் வரலாறுகளும் ஒப்பிடத்தக்கவை அல்ல எனினும், இவ்வேறுபாடு இங்கும் உதவுகிறது: 69 இலட்சம் பேரில் எவரும் சட்டப்படி குற்றவாளியல்லர், மனச்சான்றின் கணக்கு அவரவர்க்கே தெரிந்தது, ஆனால் தம் பெயரால் நடந்தவற்றின் கேட்டைச் சீர்செய்யும் அரசியல் பொறுப்பு, எதிர்த்து வாக்களித்தோர் உட்பட அனைவருக்கும், ஆதரித்து வாக்களித்தோர்க்குச் சற்று மிகுதியாகவும், உண்டு. ஏளனம் இப்பொறுப்பை வளர்ப்பதில்லை. தவற்றை ஒப்புக்கொள்வோரை இகழும் சமூகத்தில் மக்கள் தவற்றை மறைக்கவே கற்றுக்கொள்வர்.

திருக்குறளின் ‘வினைத்தூய்மை’ அதிகாரம், பின்னர் இரங்க நேரும் செயலைச் செய்யலாகாது என்றும், ஒருகால் செய்துவிட்டால் அத்தகையதை மீண்டும் செய்யாமை நன்று என்றும் கூறுகிறது. பரிமேலழகரோ, செய்த பின் இருந்து இரங்கிக்கொண்டிராமையே நன்று என்று அதற்குப் பொருள் கொள்கிறார். இவ்விரு பொருளும் வருத்தத்தை முடிவாகக் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. 2024 செப்டம்பர் தேர்தலில் அதே பொதுஜன பெரமுனவின் வேட்பாளர் நாமல் ராஜபக்ச பெற்றது 2.57 விழுக்காடே என்பதால், வாக்கைத் திரும்பப் பெறுவது அவ்வளவு கடினமன்று என்பது தெளிவாகிறது. ஆனால் ஒரு குடும்பத்தைக் கைவிட்டதனாலேயே அதனை உயர்த்திய காரணத்தையும் கைவிட்டதாகாது. பிறருடைய உரிமையை விலையாகக் கொடுத்துத் தனக்குப் பாதுகாப்பை வாங்கித்தருவதாக எவர் வாக்குறுதி அளித்தாலும், அவ்வாக்குறுதி நிறைவேறக்கூடியதாகவே இருந்தாலும், அதை மறுக்கத் துணியும் வாக்காளரே தம் பழைய வாக்குக்கு உரிய கணக்கைத் தீர்த்தவராவார்.