பிரான்சிஸ்கா சுமந்தது

1
இந்த நாள்களில் பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரின் வாழ்வை வைத்துத் தியானிக்கிறேன். ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி. ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தியபோது, ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே. 1943 பிப்ரவரியில் படைக்கு அழைப்பு வந்தது. மார்ச்சில் முகாமுக்கே போய், இந்தப் போரில் சண்டையிட மாட்டேன் என்று நேரில் சொன்னார். சிறையில் அடைத்தார்கள்.

2
அவரைத் தடுக்கப் பார்த்தவர்கள் விசுவாசத்தின் எதிரிகள் அல்லர். சிறைப்படுமுன் லின்ஸ் ஆயரிடம் ஆலோசனை கேட்கப் போனார். குடும்பத்தை நினைத்துப் பார் என்பதுதான் கிடைத்த பதில். கொடியவன் மிரட்டினால் எதிர்த்து நிற்க ஒரு வீம்பாவது துணைக்கு வரும். நமக்கு நல்லது நினைப்பவர்கள், அதுவும் ஆன்ம மேய்ப்பர்கள், கனிவோடு சொல்வதை மறுக்க எது துணைக்கு வரும்? மனசாட்சி மட்டும்தான். அவர் சாவைத் தேடி ஓடவும் இல்லை. காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்யத் தயார் என்றார். அதை ஏற்கவில்லை.

3
1943 ஜூலையில் பெர்லினில் மரண தண்டனை விதித்தார்கள். மனம் மாறுவாரோ என்று மனைவி பிரான்சிஸ்காவையும் பங்குத்தந்தையையும் வரவழைத்தார்கள். சந்திப்புக்குக் கிடைத்தது இருபது நிமிடம். கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். ஆகஸ்ட் 9ஆம் தேதி, பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36. அவருக்கும் பிரான்சிஸ்காவுக்கும் மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை.

4
அந்தக் குழந்தைகளின் முகம் என் செபத்தில் குறுக்கே வந்து நிற்கிறது. தகப்பன் மனசாட்சிக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பது நியாயமா? அவரும் இதைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. பிள்ளைகளுக்காக என்று சொல்லி அடுத்தவர் பிள்ளைகளைக் கொல்லப் போகலாமா என்ற கேள்வியில்தான் என் மனம் ஓரளவு தெளிகிறது. ஓரளவுதான். மீதியைக் கடவுளிடம் விட்டுவிடுகிறேன்.

5
பிரான்சிஸ்காவும் முதலில் கணவனைத் தடுக்கவே பார்த்தார். பிறகு, ஊரே அவரைக் கைவிட்டபோது, தானாவது கூட நிற்க வேண்டும் என்று நின்றார். அவன் சாவுக்கு நீதான் காரணம் என்ற பழிச்சொல்லைக் கேட்டபடியே நிலத்தை உழுது, பிள்ளைகளை வளர்த்தார். போர் விதவைக்குரிய உதவித்தொகையைக்கூட 1950 வரை அவருக்குக் கொடுக்கவில்லை.

2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸை அருளாளராக அறிவித்தபோது, 94 வயது பிரான்சிஸ்கா அங்கே இருந்தார். 2013இல், நூறு வயதில், இறந்தார்.

6
மறைசாட்சிக்குச் சில மாதச் சிறை, ஒரு கணத்து வெட்டு. உடன் நின்றவருக்கோ ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். அந்த விசுவாசத்தின் விலையைத் தினம் தினம் அடுப்படியிலும் வயலிலும் கட்டித் தீர்த்தவர்களை மறந்துவிடுகிறோம். மறைசாட்சிகளை நினைத்துச் செபிக்கும்போது, அவர்கள் வீட்டில் மிஞ்சியவர்களையும் சேர்த்துச் செபியுங்கள்.