படிக்கப்படாத நூல்கள்

நவராத்திரியின் இறுதி நாள்களில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் புத்தகங்கள் பூசைக்கு வைக்கப்படுகின்றன. அலுமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, தூசு துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டுக் கலைமகள் படத்தின் முன் அவை அடுக்கப்படுகின்றன. சரசுவதி பூசையன்று நூலைத் திறத்தல் ஆகாது என்பது வழக்கு. மறுநாள் விசயதசமி. அன்று சிறுவருக்கு ஏடு தொடக்கப்படும். வளர்ந்தோரும் ஒரு பக்கத்தையேனும் வாசித்துப் பூசையை நிறைவு செய்வர். அதன்பின் அந்நூல்களிற் பல அலுமாரிக்கே மீள்கின்றன. அடுத்த நவராத்திரி வரை அவற்றைத் தொடுவார் இல்லை. இவ்வாறு ஆண்டுக்கொரு முறை வணங்கப்பட்டு ஏனைய நாளெல்லாம் மறக்கப்படும் நூலுக்கும் அதன் உடையவனுக்கும் இடையில் உள்ள உறவு யாது? வாங்கிய நூலைப் படிக்காது வைத்திருத்தல் குற்றமா? குற்றமாயின் அஃது எவர்க்கு இழைக்கப்படும் குற்றம்? அற்பமாகத் தோன்றும் இவ்வினா, ஆராயுமிடத்து, உடைமை என்பதன் பொருளையே வினவுவதாக அமைகின்றது.

இவ்வினா நூலோடு மட்டும் நிற்பதன்று. இன்றைய இளைஞரிடத்து இதே நிலை கணினி விளையாட்டுகளிற் காணப்படுகின்றது. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்டீம் முதலிய இணைய விற்பனை நிலையங்கள் பருவந்தோறும் பெருங் கழிவில் விளையாட்டுகளை விற்கின்றன. மலிவு கருதி வாங்கப்பட்டவை ஒரு முறையேனும் திறக்கப்படாமற் கணக்கிற் சேர்கின்றன. விடுமுறை வரும்போது, நிலுவையில் உள்ள அனைத்தையும் இம்முறை ஆடி முடித்துவிடுவது என்று இளைஞன் உறுதி பூணுகின்றான். தந்தையின் அலுமாரியிற் புத்தகம்; மகனின் கணினியில் விளையாட்டு. பொருள் வேறாயினும் மனநிலை ஒன்றே.

அம்மனநிலையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒருவன் தடித்த நூலொன்றை விலைக்கு வாங்கும்போது அவன் வாங்குவது தாளும் மையும் மட்டுமன்று. அந்நூலை ஆறுதலாக இருந்து படிக்கப்போகும் ஒருவனாகத் தன்னை அவன் கற்பனை செய்கின்றான். அக்கற்பனைக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றான். வேலையும் கவலையும் ஒழிந்த வருங்கால மனிதன் ஒருவன் அவன் உள்ளத்தில் இருக்கின்றான். அம்மனிதன் வருவதேயில்லை. ஆதலாற் படிக்கப்படாத நூல் அலுமாரியில் இருந்துகொண்டு, நிறைவேறாத வாக்குறுதியொன்றை ஓயாது நினைவூட்டுகின்றது. அதனைக் காணுந்தோறும் எழும் கூச்சம் நூலின்பாற் பிறந்ததன்று, தன்பாற் பிறந்தது.

உடைமையின் பயன் குறித்துத் தமிழ் அறமரபு தெளிவான அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளது. திருக்குறளின் 101ஆம் அதிகாரமாகிய ‘நன்றியில் செல்வம்’, தானும் துய்க்காது தகுதியுடையார்க்கும் ஈயாது வைக்கப்படும் பொருளைப் பயனற்றது என இகழ்கின்றது. துய்த்தல், ஈதல் என்னும் இரண்டே செல்வத்தின் பயன்கள். இவ்வளவுகோலை நூலுக்குப் பொருத்தின், படித்தல் துய்த்தலாகும். பிறர் படிக்கக் கொடுத்தல் ஈதலாகும். இரண்டும் இன்றிப் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் நூல் நன்றியில் செல்வமே.

உரோம நாட்டு அறிஞர் செனெக்கா இதனினும் கடுமையாகப் பேசுகின்றார். மன அமைதி பற்றிய தமது நூலில், வாழ்நாள் முழுவதிலும் தலைப்புகளைத்தானும் படித்து முடிக்கவியலாத அளவுக்கு நூல்களைக் குவிப்போரை அவர் எள்ளுகின்றார். அத்துடன் அவர் நின்றாரல்லர். அலெக்சாந்திரியாவில் 40,000 நூல்கள் எரிந்தமையைக் குறிப்பிட்டு, அந்நூலகத்தை அரசரின் சீரிய பணி எனப் பிறர் புகழ்ந்ததை மறுத்து, அது கற்றற்கன்றிக் காட்சிக்கே சேர்க்கப்பட்ட ஆடம்பரம் என்கின்றார். படிக்கப்படாத நூல் எரிந்தால் இழப்பு யாது என்னும் வினா அவர் கூற்றினுள் மறைந்து கிடக்கின்றது.

இக்கூற்றை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர் எளிதிற் கடந்துசெல்ல இயலாது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் எத்தனை நூல்களை எத்தனை பேர் படித்திருந்தனர்? எந்தப் பெருநூலகத்தையும் போலவே, ஆண்டுக்கணக்கில் எவரும் இரவல் பெறாத நூல்கள் அங்கும் இருந்திருக்கும். அவை எரிந்தமை இழப்பன்று எனக் கூற எவர் துணிவார்? இழந்த நூல்களை நினைந்து துயருற்றோர் அனைவரும் அவற்றைப் படித்தவரல்லர். ஆயினும் அவர்தம் துயர் மெய்யானது. ஏனெனில் அழிந்தது படித்து முடிக்கப்பட்ட அறிவு மட்டுமன்று. இனிப் பிறக்கவிருந்த ஒரு மாணவன் ஒரு நாள் அவ்வழியே வந்து ஒரு நூலை எடுத்திருக்கக்கூடிய வாய்ப்பும் அழிந்தது. படிக்கப்படாத நூலின் பெறுமதி அவ்வாய்ப்பிலேயே உள்ளது. செனெக்கா இதனைக் காணவில்லை. நூலை உடையவனையே அவர் நோக்கினார். வரவிருக்கும் வாசகனை அவர் நோக்கினாரல்லர்.

இதனைத் தமிழ் நூற்பதிப்பின் வரலாறும் உறுதிசெய்கின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றினார். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், சூளாமணி முதலியனவும் அவரால் அச்சு வடிவம் பெற்றன. அவர் கைக்கு வந்த ஏடுகள் பல தொட்ட அளவில் ஓரம் உதிரும் நிலையில் இருந்தன. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தோரிற் பெரும்பாலோர் அவற்றைப் படித்திருப்பர் எனக் கருதுதற்கில்லை. ஆயினும் பரணில் அவை கிடந்தமையாலன்றோ ஒருவர் தேடி வந்தபோது எடுத்துக் கொடுக்க முடிந்தது? படியாது காத்தோரின் கடனையும் தமிழுலகம் பெற்றுள்ளது.

எனினும் இதன் மறுபக்கமும் உண்டு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்க்கப்பட்டு ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியையே கேட்டார். சிதைந்த ஏட்டை அவ்வாறு செய்தல் முறை என அங்குள்ளோர் நம்பினர். அவர்கள் நூற்பகைவரல்லர், ஏட்டைப் புனிதமாகப் போற்றியவர்களே. போற்றுதலும் காத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. பயிலப்படாத நூல் எவருக்கும் திறவாது இருக்கும்போது, அது என்னவென்று அறிந்தவர் முதலில் மறைகின்றனர். பின்னர் அதுவே மறைகின்றது.

ஆகவே குற்றம் எங்கே தொடங்குகின்றது என்பது புலனாகின்றது. மனித ஆயுள் சிறிது, நூல்கள் பல. உடைய நூல் அனைத்தையும் ஒருவன் படித்தே தீரல் வேண்டும் எனல் இயலாததை விதிப்பதாகும். படியாமை குறையே அன்றிக் குற்றமன்று. தான் படியாததைப் பிறரும் படிக்கவொட்டாது அடைத்து வைத்தலே குற்றம். இவ்வேறுபாட்டைச் சொல்லாற் கூறாது செயலாற் காட்டியவர் க. மு. செல்லப்பா. அவர் 1933ஆம் ஆண்டளவில் தம் இல்லத்து நூல்களைப் பிறர் வாசிக்க இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சியே 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் ஊரவர் நூலகமாக வளர்ந்து, பின்னர் பொது நூலகமாயிற்று. அந்நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை வழங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தமது நூலக விதிகள் ஐந்தனுள், நூல்கள் பயன்பாட்டிற்கே உரியன என்பதை முதலாவதாகவும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உளன் என்பதை மூன்றாவதாகவும் வைத்தார். மூன்றாம் விதி கூர்ந்து நோக்கத்தக்கது. நூலுக்கு உரியவன் அதனை வாங்கியவனாகவே இருத்தல் வேண்டும் என அது கூறவில்லை.

இங்கே நூலுக்கும் கணினி விளையாட்டுக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகின்றது. ஸ்டீம் போன்ற நிலையத்தில் விளையாட்டை வாங்குபவன் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மாத்திரமே; தான் ஆடாத விளையாட்டை அவன் அயலவனுக்கு எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அது தேங்குவதால் இழப்புறுபவன் அவன் ஒருவனே. அச்சிட்ட நூலோ கைமாறும் இயல்பினது. அது தேங்கும்போது முகமறியாத வாசகன் ஒருவனும் உடன் இழக்கின்றான். ஆதலால் நூலின் நிலுவை விளையாட்டின் நிலுவையிலும் கனமானது.

இனி, நிலுவையைத் தீர்க்க ஒருவன் இறுதியாக முனைகின்றான் என்று கொள்வோம். அவன் எவ்வாறு முனைதல் வேண்டும்? பலர் எண்ணிக்கையில் இறங்குகின்றனர். மாதத்துக்கு இத்தனை நூல், நாளுக்கு இத்தனை பக்கம் எனக் கணக்கிட்டு ஓடுகின்றனர். விளையாட்டையும் அவ்வாறே முடித்துத் தள்ளுகின்றனர். அப்போது விளையாட்டு வேலையாகின்றது. வாசிப்பு வரி செலுத்துதலாகின்றது. முடிந்தவற்றின் பட்டியல் நீள்கின்றது. உள்ளத்தில் எஞ்சுவது சிறிது. வாங்கிக் குவித்தபோது இருந்த பேராசையே இங்கு முடித்துக் குவிக்கும் பேராசையாக உருமாறி நிற்கின்றது. நோய் தீரவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

நிலுவையை எதிர்கொண்ட வேறொரு முறையைச் சாமிநாதையர் வாழ்விற் காணலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கிற் பாடங்கேட்டு, 1880இற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான அவர், அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற புராணங்களையும் பிரபந்தங்களையும் அவர் அடுக்கிக் கூறினார். முதலியாரோ அவற்றை வியவாது பழைய நூல்களைப் பற்றி வினவினார். சீவக சிந்தாமணியைச் சாமிநாதையர் அதுவரை படித்திலர். கற்றறிந்த ஒருவர் தாம் கல்லாததன் முன் நிறுத்தப்பட்ட கணம் அது. அவர் நாணி ஒதுங்கவில்லை; கல்லாத அனைத்தையும் ஒருங்கே கற்றுவிட ஓடவுமில்லை. அந்த ஒரு நூலை எடுத்தார். அதனை விளங்குதற்குப் பிற சமயத்தாரிடம் சென்று கேட்டார். 1887இல் அது அச்சாகி வெளிவந்தது. ஒன்றை மெய்யாகத் திறந்தமையால் அதன் வழியே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் திறந்தன. நிலுவை எண்ணிக்கையாற் குறைவதில்லை. ஒரு நூலில் ஊன்றி நிற்பதாலேயே பொருள் பெறுகின்றது.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவுக்கு இன்னுமொரு கூர்மை உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்லக்கூடியது சிறிதே. பின்னொரு நாள் படிக்கலாம் என வைத்த நூல்கள் வீட்டோடு விடப்பட்டன. பின்னொரு நாள் என்பது எவருடைய கையிலும் இல்லை என்பதனை இம்மண் கண்டறிந்தது. இன்றும் உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ வாழ, இங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகள் உள. அவற்றின் அலுமாரிகளில் ஊர்ச் சஞ்சிகைகள், கல்லூரி மலர்கள், கும்பாபிடேக மலர்கள், நினைவு மலர்கள் என மறுபதிப்புக் காணாதவை கறையானுக்கும் மழைநீருக்கும் இரையாகின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலக முயற்சி அத்தகையவற்றை வருடி இணையத்தில் எவரும் வாசிக்க வைத்து வருகின்றது. ஆயினும் அலுமாரியின் திறப்பு உரியவர் கையிலேயே உள்ளது.

பொது நூலகத்தைத் தீயிட்ட கொடுமையையும் வீட்டு அலுமாரியின் அசட்டையையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியாகாது. முன்னையது பகைமை, பின்னையது மறதி. எனினும் எதிர்காலத்தில் ஒரு மாணவன் ஒரு நூலைத் தேடி வரும்போது, அது தீயால் அழிந்ததா கறையானால் அழிந்ததா என்ற வேறுபாடு அவன் வெறுங்கையை நிரப்பப்போவதில்லை. தீக்கு எதிராக யாழ்ப்பாணத்து மக்களால் அன்று எதுவும் செய்ய இயலவில்லை. கறையானுக்கு எதிராகச் செய்யக்கூடியது இன்றும் உண்டு.

ஆண்டுதோறும் விசயதசமியன்று அவ்வழக்கம் மீண்டும் வருகின்றது. பூசையில் இருந்து எடுக்கப்படும் நூல்களுள் ஒன்றை மட்டும் அலுமாரிக்குத் திருப்பாது மேசையில் வைத்து, அதனை ஊன்றிப் படிக்கத் தொடங்கலாம். தன்னால் ஒருபோதும் படிக்கவியலாது எனத் தெளிந்த மற்றொன்றை ஊர் வாசிகசாலைக்கோ அதனைத் தேடும் மாணவனுக்கோ கொடுக்கலாம். எஞ்சியவை அலுமாரியில் இருக்கட்டும். அலுமாரி மட்டும் பூட்டப்படாது இருக்கட்டும். கலைமகளுக்குச் செய்யும் பூசை அப்போதுதான் நிறைவெய்தும்.